6 பதக்கங்களில் 3: ஃபெங் தியன்வெய்யை 'நம்மவர்' என்று சொல்ல ஏன் இவ்வளவு நாள் ஆனது?

ஒலிம்பிக்கில் சிங்கப்பூர் இதுவரை மொத்தம் எத்தனை பதக்கங்கள் வென்றிருக்கிறது?

கைப்பேசியைத் தொடாமல் சொல்லிப் பாருங்கள். ஜோசஃப் ஸ்கூலிங் சட்டென்று நினைவுக்கு வருவார். 2024ஆம் ஆண்டு தேசிய தினத்தன்று பாரிஸ் விளையாட்டுகளில் வெண்கலம் வென்ற மேக்ஸ் மேடர் வருவார். கொஞ்சம் யோசித்தால் 1960இல் ரோம் நகரில் பளுதூக்கி வெள்ளி வென்ற டான் ஹாவ் லியாங்கின் பெயர் வரும். அப்புறம்? "மேசைப்பந்துலகூட ஏதோ வந்துச்சே..." என்று இழுப்போம்.

விடை, 6. அந்த 6 பதக்கங்களில் 3இல் ஒரே வீராங்கனையின் பங்கு இருக்கிறது. அவர் ஃபெங் தியன்வெய். 2008இல் குழு வெள்ளி, 2012இல் ஒற்றையர் வெண்கலம், அதே ஆண்டில் குழு வெண்கலம். சிங்கப்பூரில் வேறு யாருக்கும் 3 ஒலிம்பிக் பதக்கங்கள் கிடையாது.

ஆனாலும் "சிங்கப்பூரின் தலைசிறந்த விளையாட்டாளர் யார்?" என்று நண்பர்களிடம் கேட்டால் அவர் பெயர் முதலில் வருமா? பெரும்பாலும் வராது. வந்தாலும், "ஆனா அவங்க சீனாவிலேருந்து வந்தவங்கதானே?" என்ற கேள்வி பின்னாலேயே வரும்.

அந்த 'ஆனா'வைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஹார்பினிலிருந்து தோ பாயோவுக்கு

ஃபெங் 1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி சீனாவின் வடகிழக்கில் உள்ள ஹார்பின் நகரில் பிறந்தார். வசதியான குடும்பம் இல்லை. பதின்ம வயதிலேயே தந்தையை இழந்தார். மேசைப்பந்தில் சீனத் தேசிய இரண்டாம் அணி வரை எட்டினார்.

'இரண்டாம் அணி' என்பதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். சீனாவில் இந்த விளையாட்டு எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்றால், அங்கே முதல் 20 பேருக்குள் வர முடியாத ஒருவர் வேறொரு நாட்டில் முதல் இடத்தில் இருக்கலாம். மேலே போக இடமே இல்லாத கூட்டம் அது. உலகின் பல நாடுகளுக்குச் சீனாவில் பிறந்த மேசைப்பந்து வீரர்கள் விளையாடுவதற்கு அடிப்படைக் காரணமும் அதுதான். ஃபெங் 2005இல் ஜப்பானியக் குழுப்போட்டிகளில் விளையாடப் போனார். சிங்கப்பூர் அணியின் அப்போதைய பயிற்றுநர் லியூ குவோதோங்கின் கண்ணில் பட்டார். 2007இல் இங்கு வந்தார். 2008 ஜனவரியில் குடியுரிமை கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பெய்ச்சிங் ஒலிம்பிக்கில் சிங்கப்பூர்க் கொடி பதித்த சட்டையோடு நின்றார்.

கவனியுங்கள். வந்து ஓராண்டு சொச்சம், குடியுரிமை பெற்று 7 மாதம், கையில் ஒலிம்பிக் பதக்கம். பிற்பாடு வந்த சிக்கலுக்கு விதை இந்த வேகத்திலேயே இருந்தது.

இந்த வழியைத் திறந்துவிட்டது 1993இல் தொடங்கப்பட்ட வெளிநாட்டு விளையாட்டுத் திறனாளர் திட்டம். சின்ன நாடு, மக்கள்தொகை குறைவு, பெற்றோருக்கோ பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்தான் முக்கியம். எனவே உயர்தர விளையாட்டாளர்களை வெளியிலிருந்து அழைத்துவந்து, அவர்களோடு நம் பிள்ளைகளையும் மோதவிட்டுத் தரத்தை உயர்த்தலாம் என்பது திட்டத்தின் நோக்கம். மேசைப்பந்தில் அது பலன் தரத் தொடங்கியிருந்தது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் ஒற்றையரில், பெய்ச்சிங்கில் பிறந்து இங்கு வந்த லீ ஜியாவெய் 4ஆம் இடம். அதற்கு முன் 2000 சிட்னியில் ஜிங் ஜுன்ஹோங் 4ஆம் இடம். பதக்கம் கைக்கெட்டும் தூரத்தில் நின்று நழுவிக்கொண்டே இருந்தது.

பெய்ச்சிங்கில் அது நழுவவில்லை. லீ ஜியாவெய், வாங் யுவேகு, ஃபெங் ஆகிய மூவர் கொண்ட குழு அரையிறுதியில் தென்கொரியாவை 3-2 என்று வீழ்த்தியது. இறுதியில் சீனாவிடம் தோற்றாலும் வெள்ளி உறுதி. டான் ஹாவ் லியாங்குக்குப் பிறகு 48 ஆண்டுகள் கழித்து வந்த பதக்கம். சுதந்திர நாடாகச் சிங்கப்பூர் வென்ற முதல் ஒலிம்பிக் பதக்கமும் அதுதான்.

இங்கே சின்னதாக ஒரு விஷயம். அரையிறுதியில் தோற்ற தென்கொரிய அணியில் இருந்த டாங் யே சோவும் சீனாவில் பிறந்தவர்தான். 'வெளியிலிருந்து ஆள் எடுத்தது' சிங்கப்பூர் மட்டும் இல்லை.

மாஸ்கோவில் நடந்தது

உங்களில் பலர் அப்போது தொடக்கப்பள்ளியில்கூட இருந்திருக்க மாட்டீர்கள். எனவே 2010ஐப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

மேசைப்பந்தின் உலகக் குழு வெற்றியாளர் போட்டியில் சீனப் பெண்கள் 1993 முதல் தொடர்ந்து 8 முறை வாகை சூடியிருந்தார்கள். கிட்டத்தட்ட 20 ஆண்டுகளாக அவர்களை யாரும் அசைக்கவில்லை. அந்த நிலையில் 2010 மே மாதம் மாஸ்கோவில் இறுதிப் போட்டி. எதிரே சிங்கப்பூர்.

முதல் ஆட்டத்தில் ஃபெங், டிங் நிங்கைச் சந்தித்தார். இந்த டிங் நிங் பின்னாளில் ஒலிம்பிக் ஒற்றையர் தங்கம் வென்றவர். ஃபெங் 5 செட்டுகள் போராடி வென்றார். கடைசியில் லியூ ஷிவென்னையும் வீழ்த்தினார். சிங்கப்பூர் 3, சீனா 1. உலகக் கிண்ணம் சிங்கப்பூருக்கு!

இதைக் காற்பந்தோடு ஒப்பிட்டால்தான் நம்மில் பலருக்கு உறைக்கும். உலகக் கிண்ணக் காற்பந்தின் இறுதியாட்டத்தில் ஒரு குட்டி நாடு பிரேசிலைத் தோற்கடித்தால் எப்படி இருக்கும்? அந்தக் குட்டி நாட்டில் ஒரு வாரத்துக்கு யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். இங்கே பாராட்டு வந்தது, செய்தித்தாள்களில் படம் வந்தது. ஆனால் வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்திலும் காப்பிக்கடைகளிலும் கொண்டாட்டம் அந்த அளவுக்கு இல்லை. "சீனா தோத்துச்சு, ஆனா ஜெயிச்சதும் சீனாதானே" என்ற நையாண்டி அப்போது சர்வசாதாரணம்.

அந்த நையாண்டி அநியாயமானது என்பது என் கருத்து. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் ஒதுக்கிவிடுவதும் சரியில்லை.

கோபம் உண்மையில் யார்மீது?

சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகை 2000இல் சுமார் 4 மில்லியன். 2010இல் 5 மில்லியனைத் தாண்டிவிட்டது. பத்தே ஆண்டுகளில் நான்கு பேருக்கு ஒருவர் கூடுதல். ரயிலில் நெரிசல், வீட்டு விலையில் ஏற்றம், வேலைக்குப் போட்டி. 2011 பொதுத்தேர்தலில் குடியேற்றம் சூடான விவகாரம். 2013 ஜனவரியில் வெளிவந்த மக்கள்தொகை வெள்ளை அறிக்கை, 2030இல் மக்கள்தொகை 6.9 மில்லியன் வரை போகலாம் என்று சொன்னதும் ஹோங் லிம் பூங்காவில் எதிர்ப்புக் கூட்டமே நடந்தது.

ஃபெங்கின் பொற்காலம் சரியாக இந்த ஆண்டுகளில் விழுந்தது. 'வெளிநாட்டுத் திறனாளர்' என்ற சொல்லே அலுவலகங்களிலும் இணையத்திலும் வசைச்சொல் போல ஆகியிருந்த நேரம். முகம் தெரியாத கொள்கைமீது கோபப்படுவது கடினம். தொலைக்காட்சியில் தெரியும் ஒரு முகத்தின்மீது கோபப்படுவது எளிது. ஃபெங் அந்த முகமானார்.

மொழியும் ஒரு காரணம். அவர் பேட்டிகளை மாண்டரினில் கொடுத்தார். மாண்டரின் தெரியாத மலாய், இந்தியக் குடும்பங்களுக்கு அவர் குரல் மொழிபெயர்ப்பு வழியாகவே வந்தது. நம் ஊர் வழக்கத்தில் அரட்டை அடித்து, "லா" போட்டுப் பேசும் ஒருவரோடு உண்டாகும் நெருக்கம் அவரோடு உண்டாகவில்லை.

தேசிய சேவை பற்றியும் பேச வேண்டும். இங்கே வளர்ந்த ஆண்பிள்ளைகள் 2 ஆண்டுகளைக் கொடுக்கிறார்கள். குடியுரிமை பெற்று வரும் முதல் தலைமுறை ஆண்களுக்குப் பொதுவாக அந்தக் கடமை இல்லை. "நாங்க கொடுத்ததை அவங்க கொடுக்கலையே" என்ற ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதை ஒரு பெண் விளையாட்டாளரின் கணக்கில் எழுத முடியாது.

லண்டன் 2012. தொடக்க விழாவில் சிங்கப்பூர்க் கொடியை ஏந்திச் சென்றவர் ஃபெங். ஒற்றையர் வெண்கலப் பதக்க ஆட்டத்தில் ஜப்பானின் காசுமி இஷிகாவாவை 4-0 என்று வென்றார். டான் ஹாவ் லியாங்குக்குப் பிறகு 52 ஆண்டுகள் கழித்துச் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம். அடுத்த சில நாள்களில் தென்கொரியாவை வீழ்த்திக் குழு வெண்கலமும் வந்தது.

ஒற்றையர் வெண்கலத்துக்கு 250,000 வெள்ளி ரொக்கப் பரிசு. அதில் 20 விழுக்காடு மேசைப்பந்துச் சங்கத்துக்குப் போகும். இது எல்லா விளையாட்டாளர்களுக்கும் பொதுவான விதி. ஸ்கூலிங்கின் 1 மில்லியன் வெள்ளியிலும் இதே கழிவு உண்டு. ஆனால் ஃபெங் பணம் வாங்கும்போது மட்டும் 'காசு கொடுத்து வாங்கிய பதக்கம்' என்ற பேச்சு எழுந்தது. லண்டனுக்குப் பிறகு லீ ஜியாவெய் ஓய்வுபெற்று பெய்ச்சிங்கிற்கே திரும்பியதும், "பாத்தீங்களா, நாங்க சொன்னோம்ல" என்று சிலர் சொல்ல வசதியாகிவிட்டது.

அந்த 6 பதக்கங்களை இன்னொரு முறை பாருங்கள்

'இங்கே பிறந்து வளர்ந்தவர் வென்றால்தான் அது நம் பதக்கம்' என்று ஒருவர் சொன்னால், இந்தக் கணக்கை அவரிடம் காட்டுங்கள்.

நாம் பெருமையோடு முதலில் சொல்லும் டான் ஹாவ் லியாங் எங்கே பிறந்தார்? 1933இல், சீனாவின் சுவாத்தோ நகரில்! சிறு பிள்ளையாகச் சிங்கப்பூருக்கு வந்தவர். அவரை யாரும் 'சீனாக்காரர்' என்று சொல்வதில்லை. 1960இல் இங்கே பலர் வேறெங்கோ பிறந்து வந்தவர்கள்தான். அதனால் அந்தக் கேள்விக்கே அப்போது இடமில்லை.

ஸ்கூலிங் இங்கேயே பிறந்தவர், மூன்றாம் தலைமுறைச் சிங்கப்பூரர். ஆனால் பதின்ம வயதில் அமெரிக்காவுக்குப் போய் ஃபுளோரிடாவிலும் டெக்சஸிலும் பயிற்சி பெற்றுத்தான் 2016இல் ரியோவில் 50.39 விநாடியில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணி நீச்சலில் தங்கம் வென்றார். மேக்ஸ் மேடரின் தந்தை சுவிட்சர்லந்தைச் சேர்ந்தவர், தாயார் சிங்கப்பூரர். மேக்ஸ் கடலோடு பழகியது பெரும்பாலும் இந்தோனேசியாவில்.

ஃபெங்கோ பிறந்தது அங்கே, நாள்தோறும் பயிற்சி செய்தது தோ பாயோவில் உள்ள மேசைப்பந்துச் சங்கக் கூடத்தில். வியர்வை எங்கே சிந்தியது என்று பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது, இல்லையா?

இதனால் ஸ்கூலிங்கின் பெருமை குறையாது. அவர் குடும்பம் வீட்டுச் சேமிப்பையும் உறவின் பிரிவையும் விலையாகக் கொடுத்த கதை நம் மனத்தைத் தொட்டதற்குக் காரணம் உண்டு. அவர் வளர்வதை நாம் கூடவே பார்த்தோம். ஃபெங் நம்மிடம் வந்தபோதே முழுமையடைந்த விளையாட்டாளர். அவர் தோற்று, அழுது, மறுபடி எழுந்த ஆண்டுகள் வேறோர் ஊரில் கழிந்துவிட்டன. நாம் பார்த்தது முடிவை மட்டும்தான்.

2016: ஒரே ஆண்டில் இரண்டு காட்சிகள்

அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் ஸ்கூலிங் தங்கத்தோடு திரும்பினார். நாடாளுமன்றத்தில் பாராட்டு, திறந்த பேருந்தில் ஊர்வலம், சாலையோரமெல்லாம் கூட்டம்.

ஃபெங்குக்கு ரியோவில் பதக்கம் இல்லை. ஒற்றையர் காலிறுதியில் ஜப்பானின் ஆய் ஃபுகுஹாராவிடம் தோற்றார். குழு வெண்கல ஆட்டத்திலும் ஜப்பானிடம் தோல்வி. இரண்டே மாதம் கழித்து, அக்டோபரில், சிங்கப்பூர் மேசைப்பந்துச் சங்கம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அணியைப் புதுப்பிக்கும் திட்டத்தில் ஃபெங்குக்கு இடமில்லை, இரு தரப்பும் பிரிகின்றன என்பது சாரம். அப்போது அவருக்கு 30 வயது. உலகத் தரவரிசையில் முதல் 10 இடங்களுக்குள் இருந்தார். காரணம் பற்றிப் பல பேச்சுகள் அடிபட்டன. அவற்றைக் கிளறுவது நம் வேலையில்லை.

கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் 'வாங்கிய பதக்கம்' என்று கிண்டல் ஓடிய அதே இணையத்தில், "இவ்வளவு செஞ்சவங்களை இப்படியா அனுப்புறது?" என்று பரிவுக் குரல்கள் கேட்டன. 2012இல் பதக்கம் வாங்கித் தராத அனுதாபத்தை 2016இன் விலக்கல் வாங்கித் தந்தது. 'தேவைப்படும்போது கூப்பிட்டு, தேவை முடிந்ததும் கைவிடுவது' என்றால் எப்படி இருக்கும் என்பது வேலைக்குப் போகும் எல்லாச் சிங்கப்பூரருக்கும் புரியும். முதன்முறையாக ஃபெங்கின் கதையில் அவர்கள் தங்களையே பார்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

அவர் என்ன செய்தார்? ஊருக்குக் கிளம்பிவிடவில்லை. சங்கத்தின் பயிற்சிக் கட்டமைப்புக்கு வெளியே, தானாகப் பயிற்சியை ஏற்பாடு செய்துகொண்டார். சிங்கப்பூருக்காகவே தொடர்ந்து விளையாடினார். 2017 கோலாலம்பூர் தென்கிழக்காசிய விளையாட்டுகளில் ஒற்றையர் தங்கம் வென்றார். ஆனால் 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டுகள் கசப்பாக அமைந்தன. 2002 முதல் சிங்கப்பூர் யாருக்கும் விட்டுக்கொடுக்காத பெண்கள் குழுத் தங்கத்தை இந்தியா பறித்தது. மனிகா பத்ரா அந்த இறுதியில் ஃபெங்கை வீழ்த்தினார். பிறகு ஒற்றையர் அரையிறுதியிலும் வீழ்த்தினார். "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று பலர் எழுதிவிட்டார்கள்.

பர்மிங்ஹாம்: 0-3இலிருந்து

2022 ஆகஸ்ட். ஃபெங்குக்கு 36 வயதாக இன்னும் சில வாரங்கள். பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டுகள்.

பெண்கள் குழுத் தங்கம் மலேசியாவை வென்று திரும்பக் கிடைத்தது. ஒற்றையர் அரையிறுதியில் இந்தியாவின் ஸ்ரீஜா அகுலா அவரை 7 செட்டுகள் இழுத்தடித்தார். ஃபெங் 4-3 என்று தப்பினார். இறுதியில் எதிரே நின்றவர் சக சிங்கப்பூரர் ஸெங் ஜியான், ஏறத்தாழ 10 வயது இளையவர்.

முதல் 3 செட்டுகளும் ஸெங் ஜியானுக்கு. ஃபெங் 0-3. இன்னும் ஒரு செட் போனால் கதை முடிந்தது. அங்கிருந்து 4 செட்டுகளைத் தொடர்ச்சியாக எடுத்து 4-3 என்று வென்றார். 2010, 2014க்குப் பிறகு காமன்வெல்த் ஒற்றையரில் அவருக்கு மூன்றாவது தங்கம். ஸெங்கோடு சேர்ந்து இரட்டையர் தங்கமும் வந்தது. மொத்தம் 3 தங்கம். அந்த விளையாட்டுகளின் தலைசிறந்த விளையாட்டாளருக்கான டேவிட் டிக்ஸன் விருதும் அவருக்கே.

தரத்தை மட்டும் பார்த்தால் இது மாஸ்கோவுக்கோ லண்டனுக்கோ ஈடாகாது. காமன்வெல்த்தில் சீனா இல்லை, ஜப்பான் இல்லை, கொரியா இல்லை. ஆனால் வாழ்த்துகளில் இந்த முறை வேறொரு சூடு இருந்தது. தேசிய தினத்தையொட்டிய நாள்கள் வேறு. அந்த 'ஆனா' முழுவதும் மறைந்துவிடவில்லை, குரல் தாழ்ந்துவிட்டது. பெரிய வெற்றிக்குக் கிடைக்காத பாசம் சின்ன வெற்றிக்குக் கிடைத்தது ஏன்? இடையில் 10 ஆண்டுகள் ஓடியிருந்தன. அவர் இங்கேயே இருந்தார். தோற்றதை நாம் பார்த்தோம். விலக்கப்பட்டதைப் பார்த்தோம். திரும்பி வந்ததையும் பார்த்தோம்.

இதே விளையாட்டில் இன்னும் இரண்டு பேரைப் பாருங்கள். நி ஸியாலியான் ஷாங்ஹாயில் பிறந்து 1983இல் சீனாவுக்கு உலகப் பட்டம் வென்றவர். 1990களின் தொடக்கத்தில் லக்சம்பர்க் போனார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 61 வயதில் அந்தக் குட்டி நாட்டுக்காக விளையாடி ஓர் ஆட்டத்தில் வென்றும் காட்டினார். ஒலிம்பிக் பதக்கம் எதுவும் அவர் அங்கே கொண்டுவந்ததில்லை. ஆனாலும் அந்நாட்டின் செல்லப்பிள்ளை. இன்னொருவர், நமக்கு நன்றாகத் தெரிந்த சென்னையின் சரத் கமல். அதே பர்மிங்ஹாமில் 40 வயதில் ஆண்கள் ஒற்றையர் தங்கம் வென்றார். அவருக்கும் ஒலிம்பிக் பதக்கம் இல்லை. இந்தியா அவருக்குக் கேல் ரத்னா விருது கொடுத்தது. பாரிஸ் தொடக்க விழாவில் கொடி ஏந்தவும் அனுப்பியது.

ஆக, 3 ஒலிம்பிக் பதக்கங்கள் பெற்றவருக்குத் தயங்கித் தயங்கிக் கிடைத்தது, ஒன்றுகூட இல்லாதவர்களுக்குத் தாராளமாகக் கிடைத்தது. பதக்கத்தை எண்ணி யாரும் பாசம் வைப்பதில்லை.

இது நமக்கும் தெரிந்த கேள்விதான்

தமிழ் பேசும் வீடுகளில் இந்த விவாதத்தை வெளியிலிருந்து வேடிக்கை பார்க்க முடியாது. உங்கள் தாத்தா பாட்டியின் அடையாள அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 'பிறந்த நாடு' என்ற இடத்தில் பலருக்கு இந்தியா என்று இருக்கும். தஞ்சாவூரிலிருந்தோ தென்காசியிலிருந்தோ வந்து துறைமுகத்திலும் கடற்படைத் தளத்திலும் வேலை பார்த்தவர்களை இன்று நாம் 'முன்னோடித் தலைமுறை' என்கிறோம்.

அதே நாம், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வேலைக்கு வந்து குடியுரிமை வாங்கிய தமிழ்க் குடும்பத்தை என்னவென்று சொல்கிறோம்? பள்ளித் தமிழ் வகுப்பில் "நீ இங்கயே பொறந்தவனா, ஊர்லேருந்து வந்தவனா?" என்ற கேள்வி இன்றும் உண்டு. வந்த பிள்ளையின் தமிழ் நன்றாக இருந்தால் "அவன் ஊர்க்காரன், அதான்" என்று அந்த மதிப்பெண்ணுக்குக்கூட ஓர் 'ஆனா' ஒட்டிக்கொள்ளும். இங்கேயே பிறந்த பிள்ளையின் பக்கத்திலும் நியாயம் உண்டு. போட்டி திடீரென்று கடினமாகிவிட்டது என்று அவன் நினைப்பது பொய்யில்லை. ஃபெங் வந்தபோது இங்கே வளர்ந்த மேசைப்பந்து வீராங்கனைகள் நினைத்ததும் கிட்டத்தட்ட அதுவாகவே இருந்திருக்கும். ஒலிம்பிக் குழுவில் இடம் மூன்றே மூன்று. 2010 இளையர் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற இசபெல் லீக்கு லண்டனில் அந்த மூன்றில் ஒரு வாய்ப்பு இல்லை. திட்டம் கொடுத்ததையும் எடுத்ததையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இன்னொரு ஃபெங் வருவாரா?

அநேகமாக மாட்டார். 2008 செப்டம்பரில் அனைத்துலக மேசைப்பந்துச் சம்மேளனம் விதியை மாற்றியது. நாடு மாறும் வீரர் 15 வயதுக்கு உட்பட்டவராக இருந்தால் 3 ஆண்டுகள், 15 முதல் 18க்குள் என்றால் 5 ஆண்டுகள், 18 முதல் 21க்குள் என்றால் 7 ஆண்டுகள் காத்திருந்தால்தான் உலக வெற்றியாளர் போட்டிகளில் புதிய நாட்டுக்கு ஆட முடியும் என்றது அந்த விதி. 21ஐத் தாண்டியவருக்கு அந்த விதியின்படி வாய்ப்பே இல்லாமல் போனது. ஃபெங் சிங்கப்பூருக்கு வந்தபோது வயது 20. இந்த விதி ஈராண்டு முன்னதாக வந்திருந்தால் அவர் 2014 வரை காத்திருக்க வேண்டியிருக்கும். மாஸ்கோ நடந்திருக்காது.

பர்மிங்ஹாமுக்குப் பிறகு 36 வயதில் ஃபெங் ஓய்வுபெற்றார். இப்போது மேசைப்பந்துச் சங்கம் இங்கே வளரும் பிள்ளைகளைத்தான் நம்பியிருக்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் 18 வயது ஐசக் குவெக் களமிறங்கினார். அவருக்கு முன்னால் இருக்கும் பாதை கடினமானது. அதில் இன்னொரு திருப்பமும் சேர்ந்திருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் குழு, பெண்கள் குழுப் போட்டிகள் இருக்காது. அவற்றுக்குப் பதிலாக இரட்டையர் போட்டிகளும் கலப்புக் குழுப் போட்டியும் வருகின்றன. 2008இலும் 2012இலும் சிங்கப்பூர் பதக்கம் வென்ற பெண்கள் குழுப் பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை.